கான்கிரீட் காண்டிராக்ட்: கைப்பணம் எந்த நாளில் தீரும்?

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். என்னோடு 4 வருடம் கம்பி கட்டியவன். வேலை நன்றாகத் தெரிந்தவன். டிராயிங்கைக் கொடுத்தால் கம்பி வெட்டும் அளவுகளை அவனே எழுதிவிடுவான். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“அண்ணே, தனியா காண்டிராக்ட் எடுக்கலாம்னு இருக்கேன். இதெல்லாம் வாங்கிட்டா போதுமான்னு பாத்துச் சொல்லுங்க.”

மிக்சர் மெஷின், வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குவது), சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் இறுகும் வரை அடியில் தாங்கும் தகடு), ஜாக்கி (அந்த ஷீட்டைத் தாங்கும் முட்டு), மண்வெட்டி, தட்டு, மட்டப்பலகை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை போட்டிருந்தான். அடியில் கூட்டுத்தொகை. அவன் சேர்த்து வைத்திருந்த பணமும் அந்தத் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 9 வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய தாளும் அப்படியேதான் இருந்தது.

அன்றைக்கு என்னிடம் இருந்த பணத்தை 10 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 பங்கு மிக்சருக்குப் போனது. 3 பங்கு பழைய சென்ட்ரிங் சாமானுக்கு. 1 பங்கு வைப்ரேட்டர், கம்பி வளைக்கும் சாமான், சில்லறைக் கருவிகளுக்கு. மீதி 3 பங்கு கையில். முதல் வேலை ஒரு மாடி வீட்டின் அடித்தளம், தூண், கூரை. சிமெண்ட், கம்பி எல்லாம் என் பொறுப்பு. முன்பணம் வந்தது, வந்த வேகத்தில் கம்பிக்குப் போனது. அடுத்த பணம் கூரை போட்டு முடித்ததும் என்று ஒப்பந்தம். கூரைக்குக் கான்கிரீட் போட்டது 46-ஆம் நாள். என் கையில் பணம் தீர்ந்தது 24-ஆம் நாள். நடுவில் இருந்த 22 நாளும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும், 12 பேருக்கு. என் மனைவி பல வருடம் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

நான் அப்போது நஷ்டத்தில் இல்லை. கணக்குப்படி அந்த வேலையில் லாபம் இருந்தது. ஆனால் லாபம் எனக்கு வரவேண்டிய நாள் வேறு, கூலி கொடுக்க வேண்டிய நாள் வேறு. இந்தத் தொழில் தொடங்க எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்கள் மெஷின் விலையைத்தான் கேட்கிறார்கள். மெஷினை வாடகைக்கு எடுக்கலாம், கடனுக்கு வாங்கலாம், பழையது வாங்கலாம். கூலியை வாடகைக்கு எடுக்க முடியாது.

கான்கிரீட் வேலையில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. செங்கல் கட்டுகிறவர் தினமும் சுவரை உயர்த்திக் காட்டுகிறார். பார்க்கிறவருக்குப் பணம் கொடுக்க மனம் வரும். நம் வேலையில் கான்கிரீட் விழுகிற நாள் வரைக்கும் உரிமையாளர் கண்ணுக்குத் தெரிவது பலகையும் முட்டும்தான். ஆனால் அதற்குள் ஷட்டரிங் (கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்தும் பலகை) அடித்தாயிற்று, கம்பி கட்டியாயிற்று, சிமெண்ட் இறங்கியாயிற்று. அந்த வேலைக்கான பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. “கான்கிரீட் போட்டதும் வாங்கிக்குங்க” என்று அவர் சொல்வது அவர் பக்கத்தில் நியாயமாகத்தான் படும். அதை நாம் ஒப்பந்தம் போடும்போதே பேசி மாற்ற வேண்டும். கம்பி கட்டி முடித்து இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஒரு பங்கு, கான்கிரீட் போட்டதும் ஒரு பங்கு, முட்டுப் பிரித்ததும் ஒரு பங்கு என்று உடைத்து வாங்குவது எனக்கு மூன்றாவது வேலையில்தான் புரிந்தது.

ஒரு சின்ன கூரையை எடுத்து அந்தத் தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 10 மீட்டருக்கு 10 மீட்டர், கனம் 125 மில்லிமீட்டர். கான்கிரீட் 12.5 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. அப்படியென்றால் 30 டன் எடையைச் சில மணி நேரத்தில் தலைக்கு மேலே தூக்கி வைக்கிறோம். கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை 8 என்று வைத்தால் சிமெண்ட் 100 மூட்டை. கம்பி கன மீட்டருக்கு 80 கிலோ என்று வைத்தாலும் 1 டன். அடியில் பரப்ப மூன்றுக்கு இரண்டு அடி ஷீட் ஏறக்குறைய 180. மீட்டருக்கு ஒரு ஜாக்கி என்றால் நூற்றுக்கு மேல். இது உத்தரம் சேர்க்காமல்.

இதில் சிமெண்டும் கம்பியும் ஒரு முறை வாங்கினால் கட்டடத்தோடு போய்விடுகின்றன. ஷீட்டும் ஜாக்கியும் அப்படி இல்லை, அவை திரும்பி வரும். எப்போது வரும் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. தூணின் பக்கப் பலகையை மறுநாளே கழற்றலாம். கூரையின் அடியில் நிற்கும் முட்டுகளை அப்படிக் கழற்ற முடியாது. சின்ன அறை என்றால் 7 நாள், அகலம் கூடினால் 14 நாள், நீளமான உத்தரத்துக்கு 21 நாள் என்றுதான் நான் வேலை பழகியது. சிமெண்ட் வகையும் குளிரும் இதைக் கூட்டும். முதல் வேலையில் ஜாக்கி போதாமல் வாடகைக்கு எடுத்தபோது 14 நாள் என்று போட்டுக் கணக்கை முடித்துவிட்டேன். உண்மையில் 25 நாள் வாடகை கட்டினேன். முட்டு நிறுத்தி ஷீட் அடிக்க 4 நாள், கம்பி கட்ட 3 நாள், இன்ஜினியர் வந்து பார்க்க 2 நாள், பிரித்து எண்ணித் திருப்பிக் கொடுக்க 2 நாள். அந்த 11 நாளும் என் சட்டைப்பையிலிருந்து.

ஒரு செட் சாமான் மாதத்துக்கு ஒரு கூரைக்குத்தான் ஆகும் என்றே இப்போது நான் வைத்துக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை எடுத்தால் இரண்டு செட். வேலை கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுவது சுலபம். பிளைவுட் வாங்கினால் விலையை, எத்தனை முறை பயன்படும் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். அந்த எண் கடையில் சொல்வதல்ல, நம் ஆட்கள் கழற்றுகிற விதத்தைப் பொறுத்தது. எண்ணெய் தடவி, ஓரத்தில் கடப்பாரை வைக்காமல் மெதுவாக எடுத்தால் ஒரு பலகை 10 தடவைக்கும் மேல் வரும். உயரத்திலிருந்து கீழே போட்டால் 4 தடவையில் ஓரம் விரிந்துவிடும். பலகை கழற்றுவதற்கென்று பொறுமையான ஒரு ஆளை வைத்த பிறகு என் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கூலி கொடுக்கிறேன்.

மிக்சரைப் பற்றி அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். சொந்த மெஷின் இருந்தால் ஒரு மதிப்பு என்பது அவன் எண்ணம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன்: முதல் 6 மாதத்தில் என் மிக்சர் சுற்றியது 19 நாள். மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போர்த்தி நின்றது. 19 நாள் வாடகை, அது வாங்கிய விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் அவனிடம் சொன்னேன்: மாதத்தில் பாதி நாளாவது சுற்றும் என்ற நிலை வரட்டும், அப்புறம் வாங்கு. பெரிய கூரை என்றால் ஆலையில் கலந்த ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியிலேயே வந்துவிடுகிறது, மிக்சருக்கு வேலையே இல்லை.

ஆனால் வைப்ரேட்டர் வேறு. அதைச் சொந்தமாகவே வாங்க வேண்டும், அதுவும் இரண்டு. இதை நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு நாள் காரணம்.

என் இரண்டாவது வேலை. கூரையில் பாதிக்குக் கான்கிரீட் போட்டிருந்தோம். நடு உத்தரம் நிரம்பிக்கொண்டிருந்த நேரத்தில் வைப்ரேட்டரின் சத்தம் மாறியது. கரகரவென்று ஒரு ஒலி, அப்புறம் மோட்டார் மட்டும் சுற்றுகிறது, கான்கிரீட்டுக்குள் விடும் நீடில் அசையவில்லை. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் உள்ளே அறுந்துவிட்டது. கையில் மாற்று இல்லை. ஒரு ஆளை வண்டியில் அனுப்பினேன். அவன் போய் வாங்கி வருவதற்குள் 2 மணி நேரம். ரெடிமிக்ஸ் கலந்து ஒன்றரை, 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். அன்று வெயில் வேறு. வாசலில் இரண்டாவது லாரி டிரம் சுற்றிக்கொண்டு நிற்கிறது, காத்திருப்புக் கட்டணம் ஏறுகிறது. உத்தரத்துக்குள் கம்பியை விட்டுக் குத்தச் சொன்னேன், பக்கப் பலகையைச் சுத்தியலால் தட்டச் சொன்னேன். ஷாஃப்ட் வந்து நீடிலை இறக்கியபோது மேலே விழுந்த புதுக் கான்கிரீட் குழைந்து இறங்கியது. அடியில் இருந்தது அசையவில்லை. நீடில் அதற்குள் இறங்கவே இல்லை, தடவிக்கொண்டு நின்றது. கையில் அந்த முரட்டுத்தனம் தெரிந்தது.

பலகை கழற்றியபோது உத்தரத்தின் பக்கத்தில் ஒரு கோடு, அதன் கீழே ஒரு முழம் நீளத்துக்கு ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு, கம்பி தெரிந்தது. இன்ஜினியர் வந்து, தட்டிப் பார்த்து, கொத்தி எடுத்துச் சுருங்காத கிரௌட் (குழியை நிரப்பும் சிமெண்ட் கலவை) வைக்கச் சொன்னார். அந்தச் சாமான், இரண்டு பேர் 4 நாள் கூலி, கூடுதல் 2 வாரம் முட்டு வாடகை, நின்றுபோன பில். இத்தனைக்கும் காரணம், மிக்சரைவிட விலை குறைந்த ஒரு மெஷினை ஒன்றாக மட்டும் வாங்கியது.

தூண் பலகையிலும் இப்படித்தான். இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் ஒரு சதுர மீட்டர் பலகையின் மேல் 7 டன்னுக்கு மேல் அழுத்தம். பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை அடியில் நெருக்கமாகவும், மேலே போகப் போக இடைவெளி விட்டும் போடுவது அதனால்தான். ஒரு தூணில் அடியில் ஒரு கிளாம்ப் குறைத்ததால் வயிறு தள்ளியது. கொத்திச் சரிசெய்ய ஆன கூலியில் 50 கிளாம்ப் வாங்கியிருக்கலாம்.

இனி, யாரும் பட்டியலில் எழுதாத ஒரு செலவு: தரை. தரைத்தளக் கான்கிரீட் 200 சதுர மீட்டர், கனம் 100 மில்லிமீட்டர். டிராயிங்படி 20 கன மீட்டர். மண்ணை இடித்து மட்டம் பண்ணியவர் சராசரியாக 10 மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டால், ஒரு விரல் அகலம்கூட இல்லை, 2 கன மீட்டர் கூடப் போகும். பத்தில் ஒரு பங்கு. பில்லில் டிராயிங் அளவுக்குத்தான் பணம் வரும். என் லாபமே அந்தப் பத்தில் ஒரு பங்குதான். அதோடு கடைசி லாரியில் ஒன்றரை கன மீட்டர் மட்டும் வரச்சொன்னால் குறைந்த சுமைக்கென்று தனிக் கட்டணம். பம்ப் வந்து நின்றால் கொஞ்சமாகத் தள்ளினாலும் குறைந்தபட்சத் தொகை. அதனால் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் நானே போய் நூல் கட்டி, 2 மீட்டருக்கு ஒரு இடம் அளந்து, சராசரி எடுத்த பிறகுதான் ஆர்டர் கொடுப்பேன். ஒரு மணி நேர வேலை.

கம்பியும் அதேபோல். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 3.2 மீட்டர் துண்டு வேண்டுமென்றால் ஒரு கம்பியில் 3 துண்டு, மீதி 2.4 மீட்டர். அந்த மீதியை எங்கே வைப்பது என்று முன்பே தெரியாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு குப்பை. இதில் மட்டும் அந்தத் தம்பிக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை; துண்டு வைப்பதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

பதிவு, உரிமம், வரி, வண்டி இவையெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். விசாரித்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும், எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆட்களுக்கான விபத்துக் காப்பீட்டை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

ஆட்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஈரமான பச்சைச் சிமெண்ட் தோலை அரிக்கும் காரம். காரத்தை அளக்கும் பிஎச் எண் அதற்கு 12-க்கு மேல். உடனே எரியாது, அதுதான் ஆபத்து. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தரையை மட்டம் பண்ணும்போது முழங்கால் போட்டு உட்கார்ந்தே வேலை செய்தான். பேண்ட் நனைந்ததை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். சாயங்காலம் பேண்டை மடித்தபோது இரண்டு முழங்காலிலும் தோல் வெந்து கருத்திருந்தது. அவனுக்கு ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மாதச் சம்பளத்தையும் மருத்துவச் செலவையும் நான் கொடுத்தேன், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த முழங்காலை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது. ரப்பர் பூட்ஸ், கையுறை, முழங்கால் உறை, கழுவ நல்ல தண்ணீர்: எல்லாம் சேர்த்தாலும் ஒரு லாரி கான்கிரீட் விலை வராது. என் பட்டியலில் இப்போது முதல் வரி இதுதான்.

கான்கிரீட் போட்ட பிறகும் செலவு நிற்காது. குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட ஒரு ஆள். 150 மில்லிமீட்டர் கியூப் (கான்கிரீட் மாதிரிக் கட்டி) எடுத்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்கப் பரிசோதனைக் கட்டணம். அந்த 28-ஆம் நாள் முடிவு வரும் வரைக்கும் சில இடங்களில் பில் நகராது. அதைவிடப் பெரியது பிடித்தம். குறை ஏதும் வந்தால் சரிசெய்ய என்று ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்து, ஒரு வருடம் கழித்துக் கொடுப்பார்கள். 5 சதவீதம்தானே என்று தோன்றும். நமக்கு லாபம் 10 சதவீதம் என்றால் அதில் பாதி ஒரு வருடம் அங்கேயே இருக்கிறது. முதல் வருடத்தில் 4 வேலை முடித்தும் கையில் ஏன் ஒன்றும் இல்லை என்று நான் குழம்பியதற்கு இது ஒரு காரணம்.

இதையெல்லாம் பேசி முடித்ததும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்தோம். அவனுக்குப் பேச்சில் இருந்த வேலை ஒரு தனி வீடு, 60 நாள். ஒரு கட்டம் ஒரு நாள். பணம் வெளியே போகிற நாளில் கோடு கீழே இறங்கும், உள்ளே வருகிற நாளில் ஏறும். வாரக்கூலி, கம்பி, ஜாக்கி வாடகைக்கான வைப்புத்தொகை, சிமெண்ட், லாரி, மழைக்காக வெறும் கையோடு திரும்பும் ஆட்களுக்குப் பாதிக் கூலி 3 நாள், எல்லாவற்றையும் இறக்கினோம். உரிமையாளர் பில் கொடுத்த அன்றே பணம் தருவார் என்று அவன் வரைந்தான். நான் அழித்து 15 நாள் தள்ளி வரைந்தேன். கோடு இறங்கி இறங்கி 37-ஆம் நாளில் அடி தொட்டது. அந்த ஆழம்தான் அவனுக்கு வேண்டிய பணம். அவன் தாளில் எழுதியிருந்த கூட்டுத்தொகையைவிட அது அதிகம், மெஷின் ஒன்றுகூட வாங்காமலேயே.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம் அவனே ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தான். சிமெண்டையும் கம்பியையும் உரிமையாளரே வாங்கிக் கொடுத்து, கூலியும் ஷட்டரிங்கும் மட்டும் அவன் பொறுப்பு என்றால்? கோடு பாதி ஆழத்துக்கு ஏறியது. லாபமும் குறையும், அதையும் எழுதினோம். கம்பி கட்டியதும் ஒரு பங்கு என்று கேட்டால்? இன்னும் கொஞ்சம் ஏறியது. பட்டியலிலிருந்து மிக்சரை அடித்து நீக்கினான். ஷீட் பாதி சொந்தம், பாதி வாடகை. கடைசியில் கோட்டின் அடி அவன் கையிருப்பில் ஆறு பங்கு அளவுக்கு வந்து நின்றது. மீதி நாலு பங்கை எதற்கும் தொடாமல் வைக்கச் சொன்னேன். அந்தத் தாளைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

நேற்று போன் செய்தான். உரிமையாளர் கம்பி கட்டியதும் ஒரு பங்கு தர ஒத்துக்கொண்டாராம். அடுத்த வாரம் அடித்தளம் தோண்டுகிறார்கள். கடையில்தான் நிற்கிறான், பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“அண்ணே, வைப்ரேட்டர் ரெண்டு எடுத்துட்டேன். ஷாஃப்டும் தனியா ஒண்ணு எடுக்கணுமா?”

“எடுத்துக்க தம்பி,” என்றேன். “பூட்ஸ் எத்தனை ஜோடி எடுத்திருக்க?”